ரியூப் ஒட்டக் கற்றல்

ஒருவன் நாள்தோறும் பயன்படுத்தும் பொருளைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கக் கடமைப்பட்டவன்? விமானத்தையோ கணினியையோ முன்வைத்து இக்கேள்வியை எழுப்பினால் விடை எளிது. அவற்றை முற்றாக அறிதல் தனியொரு மனிதனால் ஆகாது என்று கூறித் தப்பித்துக்கொள்ளலாம். துவிச்சக்கரவண்டியை முன்வைத்து எழுப்பும்போது அந்தச் சமாதானம் செல்லாது. அதில் மறைவிடம் எதுவும் இல்லை. செயின், பற்சக்கரம், பிறேக்குக் கட்டை யாவும் கண்முன்னே இயங்குகின்றன. ஆயினும் முப்பது ஆண்டுகள் சைக்கிளிலேயே பாடசாலைக்குச் சென்று இளைப்பாறிய ஆசிரியர்களுள் எத்தனை பேர் ஒருமுறையேனும் ரியூப்பைக் கையால் தொட்டிருப்பர்? வழியிற் காற்றுப் போய்விட்டால் கடை காணும்வரை உருட்டிச் செல்வதே நம் வழக்கம். நேரமின்மை, பழக்கமின்மை எனக் காரணம் கூறுவோம். உண்மையில் அந்த அறியாமையில் ஒரு மெல்லிய பெருமிதமும் கலந்திருக்கிறது. கையில் கரி படாதிருத்தல் படித்தவனின் அடையாளமாக நம்மிடையே நிலைபெற்றுவிட்டது.

இப்பெருமிதத்தின் ஊற்று பழையது. கைத்தொழிலைச் சாதியோடு பிணைத்து, சாதியைத் தாழ்வோடு பிணைத்த சமுதாயம் நம்முடையது. அந்நியராட்சிக் காலத்துக் கல்வியோ உத்தியோகம் என்ற சொல்லுக்கு மேசையையும் பேனாவையுமே பொருளாக்கிற்று. இங்கே ஒரு விந்தையைக் கவனித்தல் தகும். சைக்கிள் திருத்துதல் எந்தச் சாதிக்கும் பரம்பரையாக வகுக்கப்பட்ட தொழிலன்று. இயந்திரத்தோடு வந்த தொழில் அது. பழைய ஏற்பாடுகள் எதிலும் அதற்கு இடம் குறிக்கப்பட்டிருக்கவில்லை. வந்து சேர்ந்ததும் அதற்கும் ஒரு கீழ்ப்படியைத் தேடிக் கொடுத்துவிட்டோம். தொழிலைத் தாழ்த்துவதற்கு மரபுகூடத் தேவையில்லை, அது கையால் செய்யப்படுவது ஒன்றே போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தெருவோரத்தில் நடைபெறும் அவ்வேலையைச் சற்று நின்று பார்ப்போம். திருத்துபவர் சில்லைக் கழற்றுவதில்லை. நெம்புகோலால் ரயரின் ஒருபக்க விளிம்பை மட்டும் றிம்மிலிருந்து தூக்கி, உள்ளிருக்கும் ரியூப்பை வெளியே இழுக்கிறார். காற்றடித்து, தண்ணீர் நிறைந்த தாச்சியில் அதைச் சிறிது சிறிதாக அமிழ்த்தி நகர்த்துகிறார். குமிழி எழுந்த இடத்தை அடையாளமிட்டுத் துடைத்து உலர்த்துகிறார். ஒட்டின் அளவினும் சற்றுப் பெரிதாக அவ்விடத்தை அரத்தால் தேய்த்துச் சுரசுரப்பாக்கிச் சொலூசனை மெல்லிதாகப் பூசுகிறார். பின்பு காத்திருக்கிறார். ஈரப் பளபளப்பு அடங்குமுன் ஒட்டை வைத்தால் அது பிடிக்காது. அவசரக்காரரின் ஒட்டு ஒரு மைல் தாண்டுவதில்லை. அந்தக் காத்திருப்பிலும் அவர் கை சும்மா இருப்பதில்லை. ரயரின் உட்புறமெங்கும் விரல்களைக் கவனமாக ஓடவிட்டு முள்ளைத் தேடுகிறது. குத்திய நெருஞ்சி முள்ளோ உடைமுள்ளோ அங்கேயே இருக்குமானால், எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் அதே இடத்தில் மறுபடியும் துளை விழும். இறுதியில் ரியூப் முறுகாதிருக்கச் சிறிதளவு காற்றடித்து உள்ளே செலுத்தி, ரயர் விளிம்பின் கடைசிப் பகுதியைப் பெருவிரல்களால் அழுத்தி ஏற்றுகிறார். அவ்விடத்தில் நெம்புகோலைப் பயன்படுத்தினால் ரியூப் கடிபடும் என்பது அவருக்குத் தெரியும்.

இதனை அறிவு என்று ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம். பழக்கம் என்போம், கைப்பாடு என்போம். துளையைக் கண்டதும் அவர் அதன் காரணத்தை எவ்வாறு கூறுகிறார் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். துளை வெளிப்புறத்தில் ஒன்றேயாயின் முள் அல்லது ஆணி. றிம்மை நோக்கிய உட்புறத்திலாயின் ஸ்போக்கின் முனை. அருகருகே இரண்டாயின் முள்ளன்று. காற்றுக் குறைந்த ரயர் குழியில் இறங்கியபோது ரியூப் றிம்முக்கும் தரைக்குமிடையே நசுங்கியிருக்கிறது. துளையே இல்லாது இரவுக்குள் காற்று இறங்குமாயின் வால்வின் சிறு இறப்பர்க் குழாய் இற்றுவிட்டது. வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். புகையைக் கண்டு நெருப்பை உணர்தலைத் தருக்க நூலார் அனுமானம் என்றனர். அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதுபவனை அறிவாளி என்கிறோம். தெருவோரத்தில் அதனை நாள்தோறும் பத்துமுறை நிகழ்த்துபவருக்கு அப்பெயரைக் கொடுக்க மறுப்பதற்கு என்ன நியாயம் உண்டு?

ஆகவே நாம் எல்லோரும் ரியூப் ஒட்டக் கற்கவேண்டும் என்று உடனே முடித்துவிடலாமா? எதிர்வாதம் ஒன்று உண்டு. அது இலகுவில் தள்ளக்கூடியதன்று. சந்தியில் ஒரு கொட்டிலின் கீழ் இருப்பவர் இந்த ஒட்டுக்களாலேயே அடுப்பெரிக்கிறார். சம்பளம் வாங்கும் ஆசிரியர் தம் சைக்கிளைத் தாமே திருத்தத் தொடங்கினால் அது யாருடைய வாயிலிருந்து எடுத்த கவளம்? வேலைப் பிரிவினையே செல்வத்தின் தாய் என்பதை ஆதம் சிமித் 1776ஆம் ஆண்டிலேயே ஊசித் தொழிற்சாலையை உதாரணங்காட்டி நிறுவினார் அல்லவா என்றும் கேட்கலாம். நிறுவினார், அதே நூலின் பிற்பகுதியில், சில எளிய செயல்களையே வாழ்நாள் முழுதும் செய்பவனின் அறிவு மழுங்கிப்போகும் என்று எச்சரித்தவரும் அவரே. முன்னதைப் போற்றியவர்கள் பின்னதை வசதியாக மறந்தனர். மழுக்கம் தொழிலாளிக்கு மட்டும் உரியதுமன்று. புத்தகத்தை மட்டும் தொடும் கையின் மழுக்கத்தையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

பிழைப்பைப் பற்றிய வாதத்துக்கு என் விடை இது. கற்றல் வேறு, எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளல் வேறு. ‘யாரிடமும் கைநீட்டாத வாழ்வு’ என்ற இலட்சியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அது சொத்துள்ளவனின் கனவு. ரியூப்பைத் தானே ஒட்டியவன் தன்னிறைவு பெற்றுவிட்டதாக நினைப்பானாயின், அந்த ரயர் எங்கிருந்து வந்தது என்று அவனைக் கேட்கவேண்டும். பிரேசிலிலிருந்து விக்காம் என்ற ஆங்கிலேயர் கொண்டுசென்ற விதைகளினின்று முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டில் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அன்றுமுதல் விடியுமுன் எழுந்து, மரம் மரமாகப் பட்டையைச் சீவிச் சிரட்டையிற் பாலேந்தும் கைகள் எத்தனை! ஐரோப்பாவில் சைக்கிள் மோகம் பெருகிய அதே ஆண்டுகளில் கொங்கோவில் இரண்டாம் லியோபோல்ட் மன்னனின் ஆட்சி, இறப்பர் போதாதென்று கிராமங்களை எரித்தது. 1908இல் பெல்ஜிய அரசு அந்நாட்டை மன்னனிடமிருந்து பொறுப்பேற்கும்வரை அவ்வாட்சி நீடித்தது. ஒரு ரயரின்மேல் ஏறியிருப்பவன் எவனும் தனித்து நிற்பவனல்லன்.

கற்பதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ‘இந்தச் சின்ன ஒட்டுக்கா இவ்வளவு காசு?’ என்று பேரம் பேசுபவரைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர் ஒருநாளும் ஒட்டிப் பாராதவர். அவர் கண்ணுக்குத் தெரிவது விரலளவு இறப்பர்த் துண்டு மட்டுமே. ஒருமுறை தானே குந்தியிருந்து, முள்ளைத் தேடி விரலைக் கிழித்து, அவசரத்தில் வைத்த ஒட்டு விட்டுப்போக மறுபடியும் தேய்த்தவன் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான். பின்னர் அவன் கடைக்கே சென்று காசு கொடுத்து ஒட்டுவித்தாலும் கொடுப்பது எதற்கு என்பதை அறிந்து கொடுப்பான். அதேவேளை, ஒட்டக்கூடிய ரியூப்பை எறிந்துவிட்டுப் புதியது வாங்கும்படி சொல்லப்பட்டால் அதையும் அறிவான். இரண்டும் நீதியைச் சேர்ந்தவையே.

வேறொன்றும் உண்டு. தனியார் வகுப்பு முடிந்து மாலை மங்கும் நேரத்தில் வீடு திரும்பும் மாணவிக்கு, வெளியான வீதியில் காற்றுப்போன ரயர் வெறும் இடைஞ்சலன்று. வழியில் நிற்கும் அந்நியரின் தயவை நாடவேண்டிய நிலை அது. ஆண்பிள்ளைக்குத் தற்செயலாகவேனும் கிடைக்கும் இக்கல்வி அவளுக்கு மறுக்கப்படுவதை நாம் கவனிப்பதேயில்லை.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட பின்னர் நோயாளரையும் விறகையும் மரக்கறியையும் சுமந்தது துவிச்சக்கரவண்டியே. பற்றரியும் தடைப்பட்டிருந்தமையால் அதன் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். அந்நாட்களில் பாடத்திட்டம் கற்பிக்காததை இல்லாமை கற்பித்தது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நாடெங்கும் நீண்டபோது கொழும்பு நகரத்தாரும் சைக்கிளைத் தேடினர். இல்லாமையை ஆசிரியராகக் கொள்வது பெருமைக்குரியதன்று. அதன் கட்டணம் மிக அதிகம். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பெற்றோர் பலர் அவற்றைத் தம் பிள்ளைகளின் உத்தியோகக் கனவுக்குக் குறுக்கே விழுந்த கட்டையாகவே கண்டனர். 1977இல் ஆட்சி மாறியதும் அம்முயற்சி கைவிடப்பட்டது. அத்திட்டத்தில் குறைகள் இருந்தன. ஆனால் குறைகளைத் திருத்தவேண்டும் என்ற குரலைவிட ‘எங்கள் பிள்ளைகள் இதற்கா பள்ளிக்கூடம் போகிறார்கள்?’ என்ற குரலே ஓங்கியது.

பழுதுபார்க்கக்கூடியதாக இருத்தல் ஒரு பொருளுக்குத் தானாக அமைந்த குணமன்று. அதுவும் மனிதர் தேடிக் கண்டதே. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லொப் காற்றடைத்த ரயரைச் செய்தபோது அது சில்லோடு ஒட்டப்பட்டிருந்தது. துளை விழுந்தால் பிரித்துத் திருத்தி மறுபடி ஒட்டி, பசை உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய ரயரை 1891இல் ஆக்கினர். அவ்வாண்டு பாரிசிலிருந்து பிறெஸ்ற் சென்று மீளும் நெடும் பந்தயத்தில் அதனைப் பூட்டிய சாள்ஸ் ரெறோன் முதலாவதாக வந்தார். உடையவன் தானே திறந்து பார்க்கக்கூடிய பொருள் என்ற எண்ணம் அவ்வாறு வென்றது. இன்று சந்தைக்கு வரும் கருவிகள் பல, திறக்க முடியாதபடி மூடி ஒட்டப்பட்டவை.

ஒரு பாடசாலையில் மரநிழலில் ஒரு பம், ஒரு தாச்சி, இரண்டு நெம்புகோல், சில ஒட்டுக்கள் வைத்துக்கொள்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கற்பிப்பதற்குச் சந்தியில் இருப்பவரையே அழைக்கலாம். வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்குரிய வேதனத்தை அவருக்கும் கொடுக்கலாம். இதனை ஆசிரியர் கூட்டம் ஒன்றில் முன்மொழிந்து பாருங்கள். அவருடைய கல்வித் தகைமை என்ன என்று முதலாவதாகக் கேட்பவர் பெரும்பாலும் சைக்கிளில் வந்தவராகவே இருப்பார்.