மார்க்கோடு முடியாத கடன்

எஸ்.பி.எம். நெருங்கிவிட்டால் தம்பி, தங்கைகள் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, பயோலஜிக்கு டிப்ஸ் இருக்கா?” என்பதுதான். எது வரும், எதை மனப்பாடம் செய்தால் போதும் என்று தெரிய வேண்டும். புரிந்து படிக்கச் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: “புரிஞ்சு படிச்சாலும் அதே மார்க், மனப்பாடம் செஞ்சாலும் அதே மார்க். இதுல யாருக்கு என்னாண்ணே நஷ்டம்?”

நியாயமான கேள்விதான். காப்பி அடிக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. அப்படியானால் இதில் தர்மம் எங்கே கெடுகிறது?

பாடத்தில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ‘வைட்டமின் பி1 குறைந்தால் பெரிபெரி நோய் வரும்.’ ஒரு நிமிடத்தில் மனப்பாடமாகிவிடும். அந்த வரி உருவானதில் நம் நெகிரி செம்பிலானுக்குப் பெரிய பங்கு உண்டு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி பலரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் தளர்ந்து நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அபூர்வமாகத்தான் வந்தது. நெகிரி செம்பிலான் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, 1907இல் ஒரு நூலே எழுதினார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் நினைத்தார். காரணம் தவறு, ஆனால் கை வைத்த இடம் சரி.

இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். 1907இல் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நம் ஜெலெபு மாவட்டத்து டுரியான் திப்புஸில், சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதே சோதனையைச் செய்தார்கள். அங்கும் வெள்ளை அரிசி சாப்பிட்ட பக்கம்தான் நோய் வந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. அந்தச் சத்துதான் பி1 என்பது பின்னால் தெரிந்தது.

‘பாத்தியா, நம்ம முன்னோருக்கு அப்பவே தெரியும்’ என்று மார்தட்ட வேண்டாம். அவர்களுக்கு வைட்டமின் தெரியாது. ஊர் வழக்கம் காப்பாற்றியது. நமக்குத் தெரிகிறது என்றால், அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. அந்த 18 பேரின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை.

மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது நம் சமயம்: தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன். இதில் ரிஷி கடனைப் பூஜை செய்து அடைக்க முடியாது. கற்றும், கற்றதைப் பிறருக்குக் கொடுத்தும்தான் அடைக்க முடியும். அறிவைத் தேடித் தந்தவர்கள் ரிஷிகள் என்றால், அதற்காகத் தங்கள் உடம்பையே கொடுத்தவர்களுக்கும் அந்தக் கடனில் பங்கு இருக்கத்தானே வேண்டும்? மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு, மறுநாள் மறந்துபோவது வாங்கிய கடனை மறுப்பதற்குச் சமம். யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

“அதெல்லாம் வசதி உள்ளவனுக்கு. அம்மா செம்பனைத் தோட்டத்துல உதிரி பொறுக்குறாங்க, டியூஷனுக்குக் காசு இல்ல, எனக்கு மார்க்தான் ஏணி” என்று ஒரு தம்பி சொல்லலாம். உண்மை. மார்க்கை யாரும் இளக்காரமாகப் பேசக் கூடாது. தாதியர் படிப்புக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தத் தம்பி வீட்டிலேயே யோசித்துப் பார்க்கட்டும். அப்பாவுக்கு இனிப்பு நீர். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். கணையமும் இன்சுலினும் மகனுக்கு மனப்பாடம். பரீட்சைத் தாளில் அழகாக எழுதுகிறான், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. புரிந்திருந்தால் சொல்லியிருப்பான்.

அதனால் ஒரு பழக்கம் செய்துகொள்ளுங்கள். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை அம்மாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்ததைத் தமிழில் சொல்ல வரவில்லை என்றால், இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள். சொல்ல வந்துவிட்டால் பரீட்சையில் கேள்வியை எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் பயமில்லை. கடனிலும் ஒரு பகுதி அன்றைக்கே அடைந்துவிடும்.