உளுந்தும் தோலும்

சிவபூதி முனிவரின் வரலாறு நம் இல்லங்களில் பலரும் கேட்டதே. பொன்னூர் மலையோடு இணைத்து நாம் போற்றும் குந்தகுந்த ஆச்சாரியர், தம் பாவ பாகுடத்தில் அவரை நினைவுகூர்ந்துள்ளார். குரு அருளிய சிறு தொடரையும் அம்முனிவரால் மனத்தில் நிறுத்த இயலவில்லை. ஒருநாள், உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணொருத்தியைக் கண்டு, என்ன செய்கின்றாய் என வினவினார். உளுந்து வேறு, தோல் வேறாகப் பிரிப்பதாக அவள் கூறினாள். ஆன்மா வேறு, உடல் வேறு என்பது அவருக்கு விளங்கிற்று, கேவலஞானமும் எய்தினார். அந்தக் கேவலஞானத்தை அனைவரும் வியப்பர். தெரியாததை வெட்கமின்றிக் கேட்டாரே, அடியேன் வியப்பது அதனை.

கூர்த்த மதியிருந்தும் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். டிஸ்லெக்சியா என்பர். அது சோம்பலன்று, அறிவின்மையுமன்று. "ஞானாவரணீய வினை, என் செய்வது?" எனக் கைவிடுவோர் உளர். அவ்வினை எதனால் கட்டுகிறது என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் அவர்கள் காண்க. பிறர் கற்பதற்கு இடையூறு செய்வதும் அக்காரணங்களுள் ஒன்று. குழந்தையை மூடனென ஏசும் நாம், யாருடைய வினையைப் பெருக்குகின்றோம்?

திருமணப் பேச்சுக்கு அஞ்சி மறைக்கும் பெற்றோரும் உண்டு. பெண் குழந்தையாயின் கேட்கவே வேண்டாம். உபகூகனம் என்று சமாதானம் வேறு! பிறர் குறையைத் தூற்றாமையே உபகூகனம். துணை தேடுவோரின் வாயை அடைப்பதன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் ஏற்றுள்ளது. உரிய சான்றிதழுடன் விண்ணப்பித்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுவோரின் உதவியும் கோரலாம். ஆனால் கேட்க வேண்டும். தனக்கு எது கடினம், எது துணை என்பதை மாணவனே ஆசிரியரிடம் எடுத்துரைக்கப் பழக வேண்டும். தளர்ந்தவரைத் தாங்கி நிறுத்தும் ஸ்திதிகரணம் அவன் தோழர்க்கும் உரியது.

அடியேனும் பிழை செய்தவனே. கோடைக்கால அறநெறி வகுப்பொன்றில் ஒரு சிறுவன் ஐந்து வரி படிக்க இயலாது நின்றான். விளையாட்டுப் புத்தி எனக் கடிந்து, ஜினாலயத் தூணருகே நிற்கவைத்தேன். மறுநாள் அவனே வந்து, "ஐயா, எனக்குப் படிச்சா ஏற மாட்டேங்குது. யாராவது படிச்சுக் காட்டினா சொல்லிடுவேன்" என்றான். என்னால் விடை கூற இயலவில்லை. அருகிருந்த சிறுமி நூலை வாங்கித் தீர்த்தங்கரர் திருப்பெயர்களை வரிசையாகப் படித்தாள். அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டான்.

"இருபத்து மூணுதான் வருது, அக்கா. ஒண்ணை விட்டுட்டீங்க" என்றான்.