குன்னூர்ச் செம்மறிகள்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. கொங்குப் பக்கம் நாற்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். போட்டுக்கொண்டவர்களைவிட, அதைச் சொல்லி மிரட்டப்பட்டவர்களே அதிகம். "அந்த நாய்கிட்ட போவாத கண்ணு, அப்பறம் பதினாலு ஊசி போட்டுருவாங்க" என்று அம்மிச்சிகள் அதட்டினால் எந்தப் பிள்ளையும் அடங்கிவிடும். அந்த ஊசிக்குள் என்ன இருந்தது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

ஆட்டு மூளை இருந்தது.

*

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூர். பாஸ்டர் நிலையம் அங்கே 1907இல் திறக்கப்பட்டது. அதுவரை தெற்கே வெறிநாய் கடித்தவருக்குச் சிகிச்சை வேண்டுமென்றால் வடக்கே கசௌலி மலைக்குப் போக வேண்டும். 1902இல் ஓர் ஆங்கிலேய இளம்பெண் அந்தச் சிகிச்சை கிடைக்காமல் இறந்தாள். அதையடுத்து, அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பங்கு குன்னூருக்கு வந்தது. அவளுக்கு முன்னால் காட்டிலும் மேட்டிலும் தண்ணீரைக் கண்டு மிரண்டு செத்த குடியானவர்களுக்காக யாரும் கட்டடம் எழுப்பவில்லை. ஆனாலும் எழுந்த கட்டடம் குடியானவர்களுக்கும் உதவியது.

டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் 1911இல் கசௌலியில் வகுத்த முறையில்தான் பிறகு நாடெங்கும் மருந்து செய்தார்கள். செம்மறியின் மூளைக்குள் நோய்க்கிருமியைச் செலுத்துவார்கள். சில நாட்களில் ஆட்டுக்குக் கால் விழும். அப்போது மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் சாகடித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு மூளை கலந்த கரைசலாக்குவார்கள். அதைத்தான் வயிற்றில் போட்டார்கள்.

வெறிநோய் முற்றியபின் பிழைத்தவர்களை உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் அந்த ஆடுகளைக் கொன்றது சரியா என்று 1911இல் வாழ்ந்த ஒருவர் என்னைக் கேட்டால், சரிதான் என்பேன். சொல்லும்போது தொண்டை அடைக்கும். பதில் மாறாது.

*

எங்கள் பக்கம் கருப்பராயனுக்கோ முனியப்பனுக்கோ கிடா வெட்டுவதற்கு முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் துலுக்கிவிட்டது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். துலுக்காமல் வெட்டக் கூடாது. சில கிடாய்கள் நெடுநேரம் அப்படியே நிற்கும். பூசாரி மறுபடி தெளிப்பார். "என்னமோ கொறை இருக்குதுங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். பங்காளிகளுக்குள் பேசாமல் கிடக்கும் பழைய சண்டை ஒன்று அந்த இடத்தில் எழும்பும்.

குளிர்ந்த நீர் காதில் பட்டால் எந்த ஆடும் தலையை ஆட்டும். அங்கே நிற்கும் எல்லோருக்கும் இது தெரியும். இதைச் சம்மதம் என்று நான் ஏற்கவில்லை. ஆனால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தக் காத்திருப்பு பெரிதாகப் படுகிறது.

*

ஆய்வுக்கூடத்திலும் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். 1960இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அதன்கீழ் 1998இல் வந்த விதிகள். விலங்குகளை வைத்துச் சோதிக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு ஒன்று இருக்க வேண்டும், அதன் அனுமதிக்குப் பிறகே சோதனை. அதில் விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கும் இடம் உண்டு. அழகுப் பொருள்களை விலங்குகள் மேல் சோதிப்பதை 2014இல் அடியோடு தடை செய்தார்கள். முயலின் கண்ணில் ஷாம்புவை ஊற்றிப் பார்க்க வேண்டிய தேவை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதைப் பற்றி யோசிக்கவும் ஒன்றுமில்லை.

மருந்து அப்படியல்ல.

*

மனதை உறுத்துவது 1911 அல்ல, 2004.

ஆட்டு மூளை மருந்தில் மூளைத் திசு இருப்பதால், சிலருடைய உடல் அதை எதிர்க்கப் போய்த் தன் நரம்பையே தாக்கிக்கொள்ளும். நாய்க்குத் தப்பியவர் ஊசியால் கைகால் விளங்காமல் போவார். இதனாலேயே 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தைக் கைவிடச் சொன்னது. அதற்குள் செல் வளர்ப்பு மருந்துகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றுக்கு அடிப்படையான வீரோ செல், 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. ஒரே குரங்கு. அதன் செல்கள் இன்னும் பல்கிக்கொண்டே இருக்கின்றன. குன்னூரிலும் பின்னாளில் இந்த முறைக்கு மாறினார்கள்.

இந்தியாவில் ஆட்டு மூளை மருந்து உற்பத்தி நின்றது 2004 டிசம்பரில். கைவிடச் சொன்னதற்கும் நின்றதற்கும் இடையில் இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டும் பணமுள்ளவர் மருந்துக்கடையில் செல் வளர்ப்பு மருந்தை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார். இல்லாதவர் அரசு மருத்துவமனை வரிசையில் நின்று வயிற்றில் போட்டுக்கொண்டார். இலவச மருந்துக்கு விலை கொடுத்தவர்கள் அவரும் செம்மறியும்.

காரணம் கேட்டால் செலவு என்பார்கள். கொடூரம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே வேலை செய்தவர்கள் உயிர் காத்தவர்கள். தேவை தீர்ந்துவிட்டது என்று அறிவிக்கும் பொறுப்பு ஒருவரிடமும் இல்லை, அவ்வளவுதான். தொடங்குவதற்கு அனுமதி கேட்கும் முறை இருந்தது. நிறுத்தச் சொல்லும் முறை இல்லை.

*

அதே குன்னூரில் எலிகளும் இருந்தன. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர், சீக்கியர், பட்டாணியர், வங்காளியர், மதராசியர் என்று ஒவ்வொரு வட்டாரத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய் தின்ற சீக்கியர் உணவு எலிகள் தளதளவென்று இருந்தன. மதராசி அரிசிச் சோறு தின்றவை நோஞ்சானாயின. இங்கிலாந்து ஏழைகளின் வெள்ளை ரொட்டியும் இனிப்புத் தேநீரும் கொடுத்த எலிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறின. (கம்பும் ராகியும் உண்ட கொங்கு எலி என்று ஒரு கூண்டு வைத்திருக்கலாம்.) வெள்ளைக்காரனின் வகைப்பாடு எரிச்சலூட்டுகிறது. ஆனால் அன்று யாருக்கும் பதில் தெரியாத கேள்விகளை அவர் கேட்டார், பதிலும் கிடைத்தது. அந்த ஆய்வகம்தான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

பதில் தெரிந்த கேள்வியை மறுபடி ஓர் உயிரிடம் கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

*

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பார்மசி கல்லூரிகளுக்குக் குறைவில்லை. எம்.பார்ம். முடிக்க ஆய்வேடு வேண்டும். ஆய்வேட்டுக்கு மூலிகை எளிது. விஸ்டார் வகை வெள்ளெலிகளுக்குப் பாராசிட்டமாலை அளவு மீறிக் கொடுத்தோ கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்தோ ஈரலைக் கெடுப்பார்கள். பிறகு இலைச் சாற்றைக் கொடுப்பார்கள். கண்ணோரத்தில் ரத்தம் எடுத்து, கடைசியில் கொன்று, ஈரலை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பார்கள். சாறு ஈரலைக் காக்கிறது என்று முடிவு வரும். கீழாநெல்லிக்கு வந்தது, அதன் வேருக்கு வந்தது, ஆல்கஹாலில் எடுத்த சாற்றுக்கும் நீரில் எடுத்த சாற்றுக்கும் வந்தது. ஆய்வேடு பைண்டிங் ஆகி நூலகத்தில் ஏறிவிடும். அதிலிருந்து ஒரு மஞ்சள் காமாலைக்காரருக்கு மாத்திரை ஒன்று வந்து சேர்வது அபூர்வம்.

அந்த மாணவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கடன் வாங்கிப் படிக்கிறார்கள், கொடுத்த தலைப்பைச் செய்கிறார்கள். மாற்று வழிகள் இல்லாமலும் இல்லை. ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் மென்பொருள், தவளையின் இதயத்தைத் திரையிலேயே துடிக்கவைத்துப் பாடம் நடத்துகிறது. புது மருந்துகளுக்கான விதிகளை 2023இல் திருத்தி, விலங்கில்லாச் சோதனை முறைகளுக்கும் வழி விட்டிருக்கிறார்கள். கல்லூரிகளின் பழக்கம் மாறத்தான் நாளாகிறது.

*

நெறிமுறைக் குழுவில் விஞ்ஞானி அல்லாத அந்த ஒரு நாற்காலி, ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ வழக்கறிஞருக்கோ ஊர்ப் பெரியவருக்கோ போகக்கூடியது. உங்களுக்கும் வரலாம். வந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு எழுந்துவிடாதீர்கள். அறிவியல் தெரியாதே என்று கூசவும் வேண்டாம். "இதே மூலிகையை, இதே எலியில், இதுக்கு முன்னால எத்தன பேர் பார்த்திருக்கறாங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனாவை மூடியே வையுங்கள்.