அலைக்கு உடையவர் யார்?

ஒரு வானொலி நிலையம் கைமாறும்போது பத்திரத்தில் ஏறும் பொருள்களைப் பட்டியலிடுவது எளிது: கோபுரம் நிற்கும் நிலம், ஒலிபரப்பி, மின் இணைப்பு, ஒலிநாடாக் கிடங்கு, உரிமம். கோபுரத்திலிருந்து கிளம்பி வரப்பு, வட்டம், கடல் எதையும் பாராமல் போகும் அலை மட்டும் அந்தப் பட்டியலில் அடங்காது. நிலையத்தை விற்றவர் அந்த அலையையும் சேர்த்து விற்றாரா, வாங்கியவருக்கு அது சொந்தமா என்பது சட்டக் கேள்வியாகத் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஒலி என்பது என்ன, அது எதைச் சார்ந்தது, கேட்பது என்பது எத்தகைய செயல் என்று கேட்டுக்கொண்டே மெய்யியலுக்குள் நுழைந்துவிடுகிறது. ஏ.எம். எனப்படும் மத்திய அலை ஒலிபரப்பு உலகெங்கும் தேய்ந்துவரும் இக்காலத்தில் இந்தக் கேள்விக்குப் புதிய அவசரம் வந்திருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தை வைத்து இதை ஆராய்வதற்குக் காரணம், அது ஒலிபரப்பிய ஊர் அல்ல, கேட்ட ஊர் என்பதே. 1947இல் இந்திய எல்லைக்குள் அகில இந்திய வானொலியின் நிலையங்கள் ஆறு. சமஸ்தானங்களின் நிலையங்கள் ஐந்து. மைசூர், திருவனந்தபுரம், ஐதராபாத், ஔரங்காபாத், பரோடா என்ற அந்த ஐந்தில் தொண்டைமான்களின் புதுக்கோட்டை இல்லை. இங்கே வந்து சேர்ந்தவை அயலூர்க் குரல்கள். வடக்கே திருச்சி, 936 கிலோஹெர்ட்ஸ். தென்கிழக்கே கடலுக்கு அப்பால் இலங்கை வானொலி. மத்திய அலை பகலில் தரையை ஒட்டி ஓடுவது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் நிலத்தைவிடக் கடல்மேல் அது குறைந்த இழப்போடு போகும். இரவில் வான்மண்டலத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி, பகலில் எட்டாத தொலைவையும் எட்டும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களுக்கு இலங்கைக் குரல் அயல்நாட்டுக் குரலாகத் தோன்றாததற்கு மொழி மட்டுமல்ல, இந்த இயற்பியலும் காரணம்.

தமிழ்நாட்டில் நிலையங்களின் உடைமை மாறிய கதை 1924இல் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் உருவான சென்னை மாகாண வானொலிச் சங்கம் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பத் தொடங்கியது. அதன் ஒலிபரப்பி வெறும் 40 வாட். பணமுடையால் 1927இல் சங்கம் ஓய்ந்தது. கருவிகள் சென்னை மாநகராட்சியிடம் சென்றன. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறந்ததும் அந்தப் பணி மத்திய அரசின் கைக்குப் போனது. சங்கம், மாநகராட்சி, பேரரசு என்று பதினான்கு ஆண்டுகளில் மூன்று கைகள். திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று 5 கிலோவாட் ஒலிபரப்பியுடன் தொடங்கியபோதே அரசின் சொத்து. 1997இல் பிரசார் பாரதி கழகம் அமைந்தபோது அதுவும் அமைச்சகத்தின் நேரடிக் கையிலிருந்து கழகத்தின் கைக்கு மாறியது. கேட்டவர்களில் எத்தனை பேர் அந்த மாற்றத்தை அறிந்தார்கள் என்பது ஐயமே.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே சிற்றூர் ஏ.எம். நிலையங்கள் பெரும்பாலும் தனியார் சொத்து. 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே நிறுவனம் நாடு முழுவதும் வைத்திருக்கக்கூடிய நிலையங்களின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை நீக்கியதும் அவை சங்கிலி நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தன. பலவற்றைச் சமய அமைப்புகள் வாங்கின. இந்தியாவில் தனியார்க்குத் திறந்தது பண்பலை மட்டுமே. மத்திய அலை இன்றுவரை அரசுத் தரப்பிலேயே இருக்கிறது. ஆனால் அலைக்கு இந்திய எல்லை தெரியாது. இலங்கையின் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறித்தவ அமைப்பு மத்திய அலையில் இந்திய மொழிகளில் நற்செய்தி ஒலிபரப்பியது. தனியார்க்கு மறுக்கப்பட்ட அலைவரிசை கடல் கடந்து தனியார் குரலாகவே உள்ளே வந்தது.

இனி மெய்யியல். ஒலி பற்றி இந்திய மரபில் மூன்று பெரிய கட்சிகள் உண்டு. நியாய வைசேடிகர்க்கு ஒலி ஆகாயத்தின் குணம்; பிறந்த கணத்தில் நின்று மறைவது. ஓர் ஒலி அடுத்த ஒலியைப் பிறப்பித்துக்கொண்டே செவியை அடைகிறது. இது நீரலைபோல நடக்கிறதா, எல்லாத் திசையிலும் ஒருசேர விரியும் கடம்ப மொட்டுப்போல நடக்கிறதா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. மீமாம்சகர்க்குச் சொல் அழியாதது. உச்சரிப்பு அதைப் படைப்பதில்லை, மறைவிலிருந்து வெளிப்படுத்துகிறது. சமணர் இரண்டையும் மறுத்தனர். ஒலி புத்கலத்தின், அதாவது பருப்பொருளின் மாற்றம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் நிலை. அது மோதும், தடைபடும், காதை வருத்தும். ஆகவே உருவற்ற ஆகாயத்தின் குணமாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

மூன்றாவது கட்சிக்குப் புதுக்கோட்டையில் ஒரு முகவரியே உண்டு. சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தமிழி எழுத்து ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. கீழே அறிவர் கோயிலின் சிறிய கருவறைக்குள் நின்று ஒருவர் மெல்ல முனகினால் அறை முழுவதும் அதிரும். அங்கே நிற்பவருக்கு ஒலி ஒரு பொருள் என்ற வாதத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆகாயத்தின் குணம் ஓசை என்ற கொள்கையைக் காட்டி, வானொலியை முன்னோர் அன்றே கண்டனர் என்று பேசுவது வெறும் பெருமைப் பேச்சு. வானொலி அலை ஒலியே அல்ல. ஒளியின் இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலை. பழைய விவாதத்தின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஒலி ஆகாயத்தின் குணம் என்றால் அதை யாரும் உடைமையாக்க முடியாது. குணத்தைக் குணியிலிருந்து பிரித்து விற்க முடியாதல்லவா. அது அழியாதது என்றால் எந்த நிலையம் மூடினாலும் இழப்பு இல்லை. பொருள் என்றால்தான் அதற்குச் செலவு உண்டு, தடை உண்டு, அழிவு உண்டு. ஏ.எம். நிலையங்கள் தேய்ந்த விதத்தைப் பார்த்தால் சமணர் கட்சியே நடப்புக்கு நெருங்கி நிற்கிறது.

நடப்பு இதுதான். 100 கிலோவாட் ஒலிபரப்பியின் மின்கட்டணம் பெரிது. பழைய கருவிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது. எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் வீட்டுக்குள் எழுப்பும் மின் இரைச்சல் மத்திய அலையில்தான் வந்து விழுகிறது. கைப்பேசிகளில் பண்பலை வானொலி இருந்த காலத்திலும் ஏ.எம். இருந்ததில்லை. இப்படிக் கேட்பவர் குறைய, குறைந்ததைக் காரணம் காட்டி நேரமும் ஆற்றலும் வெட்டப்பட, மேலும் குறைந்தார்கள்.

டிரான்சிஸ்டரைக் கையாண்ட விதத்தைப் பார்த்தாலே கேட்பது சும்மா இருத்தல் அல்ல என்பது விளங்கும். பெட்டிக்குள் செப்புக்கம்பி சுற்றிய கருநிறக் கோல் ஒன்று கிடைமட்டமாக இருக்கும். அதன் பக்கவாட்டு முகம் நிலையத்தை நோக்கினால் குரல் தெளியும். முனை நோக்கினால் மங்கும். இந்த விதியைப் படிக்காதவர்களும் தோல் உறை போட்ட பெட்டியைத் திண்ணையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரைச்சல் அடங்கும் கோணம் கண்டு, அங்கே ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்தார்கள். பஞ்சாயத்து வானொலி அறைகளில் வேறு முறை. பொறுப்பாளர் மாலையில் வந்து பூட்டைத் திறந்து, குறித்த நேரத்துக்குப் போட்டு, குறித்த நேரத்துக்கு நிறுத்துவார். கூம்பு ஒலிபெருக்கியின் கீழ் உட்கார்ந்தவர்க்கு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. ஊர் முழுவதும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் கேட்டது. காவிரிப் படுகையில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் ‘ரேடியோ நெல்’ என்று பெயர் பெற்றது இத்தகைய கேட்பால்தான்.

ஒரே நேரத்தில் கேட்பது என்ற இந்தக் கூறுக்குச் சமயங்கள் கொடுத்த எடை கவனிக்கத்தக்கது. திருத்தந்தையின் ‘ஊருக்கும் உலகுக்கும்’ ஆசீரை வானொலி வழியே பெறலாம் என ஏற்ற கத்தோலிக்கத் திருச்சபை, ஞாயிறு திருப்பலிக் கடமை வானொலி கேட்பதால் நிறைவேறாது என்கிறது. தொலைவில் ஒலிபரப்பாகும் இமாமைப் பின்தொடர்ந்து தொழுவதையும், ஒலிநாடாவில் பதிந்த பாங்கைப் பாங்காகக் கொள்வதையும் மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. கோயில் வழிபாட்டில் எழுதப்பட்ட விலக்கு இல்லாவிட்டாலும், விடியற்காலை வானொலியில் பாசுரம் கேட்டவர் கோயிலுக்குப் போவதை அதனால் நிறுத்தவில்லை. மூன்று மரபும் கேட்பதை வழிபாட்டுக்கு ஈடாக வைக்கவில்லை. ஆயினும் முதல் இரண்டு மரபுகளும் உடனுக்குடன் வரும் குரலுக்கும் சேமித்து வைத்த குரலுக்கும் இடையே ஒரு கோடு கிழித்தன. அந்தக் கோட்டின் இப்பக்கம் நின்றது பழைய வானொலி. இன்று அதே நிகழ்ச்சி பிரசார் பாரதியின் செயலியில் கிடைக்கிறது. ஊருக்கு ஒரே நேரம் என்ற ஏற்பாடு கிடைப்பதில்லை. உடைமை மாறியதால் போனதல்ல அது. சங்கமோ மாநகராட்சியோ அரசோ அதை வைத்திருக்கவே இல்லை.

வைத்திருக்காத ஒன்றுக்குப் பொறுப்பேற்பது எப்படி? இதற்குப் புதுக்கோட்டையின் அரசியல் மரபிலேயே ஒரு மாதிரி உண்டு. தொண்டைமான் மன்னர்கள் தம்மைப் பிரகதாம்பாளின் தாசர் என்று சொல்லிக்கொண்டார்கள். திருக்கோகர்ணத்து அம்மனே உடையவள். மன்னன் அவள் பணியாள். நாட்டின் அம்மன் காசிலும் ஒரு பக்கம் அவள் உருவமே. மன்னர்கள் எப்போதும் பணியாளைப்போல நடந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் கையில் வைத்திருப்பவன் உடையவன் அல்ல என்ற கொள்கை எல்லோர் கண்ணிலும் படும்படி நாணயத்திலேயே இருந்தது. இந்து தெய்வத்தைச் சட்டப்படி ஆளாகக் கருதி, நிர்வகிப்பவரை அறங்காவலராகக் கொள்ளும் இந்தியச் சட்டத்தின் பார்வையும் இதுதான்.

அலை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வந்து சேர்ந்த இடமும் அதிகம் விலகியதல்ல. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் இத்தகைய தொடர்பு முழுவதையும் மத்திய அரசின் தனியுரிமையாக்கியது. 1995 பிப்ரவரி 9 அன்று, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றைப் பொதுநலனுக்காக முறைப்படுத்துவதே அரசின் பங்கு, உடைமை கொண்டாடுவது அல்ல. அதன்பின் பண்பலை உரிமங்கள் ஏலம் போயின. ஏலத்தில் விற்பனையானது ஒரு காலத்துக்கான பயன்பாடு, அலை அல்ல.

அறங்காவலர் கொள்கையை ஏற்றால் அதன் விளைவையும் ஏற்றாக வேண்டும். கோயிலில் பூசையை நிறுத்த அறங்காவலருக்குத் தம் விருப்பம் மட்டும் போதாது. வரவு குறைந்தது என்பதும் போதாது. மத்திய அலையை மூடுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் வரவு செலவுக் காரணங்கள். அவை பொய்யல்ல, ஆனால் முழுமையும் அல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைச் சாய்த்தது. தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களும் விழுந்தன; கைப்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின; பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப நெடுநாள் ஆனது. அத்தகைய நாளில் நான்கு பேட்டரிக் கட்டையும் ஒரு பழைய டிரான்சிஸ்டரும் இருக்கும் வீட்டுக்கு, தொலைவில் எங்கோ மின்சாரம் உள்ள இடத்தில் நிற்கும் ஒரே ஒரு கோபுரம் போதும். அந்தக் கோபுரத்தை நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவில் அந்த வீட்டுக்கும் குரல் இருக்க வேண்டும். இன்றைய நடைமுறையில் அது இல்லை.