நோயுற்றார்க்குப் பணிவிடை: மூளைக்கட்டி எழுப்பும் ஓர் அறவினா

நோய் எல்லா உடலுக்கும் பொது. ஆயினும் மூளையில் தோன்றும் கட்டி மற்ற நோய்களினின்றும் வேறுபட்டது. கால் ஒடிந்தவர் பழைய மனிதராகவே கட்டிலில் கிடக்கிறார். மூளையின் முன்பகுதியில் கட்டி வளர்ந்தவரோ பேச்சிலும் குணத்திலும் வேறொருவராக மாறிவிடக் கூடும். பொறுமைக்குப் பெயர் பெற்றவர் சுடுசொல் வீசுவார். இரவுண்ணா நோன்பு தவறாதவர் நள்ளிரவில் உணவு கேட்பார். அப்போது இல்லத்தார் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. ‘இது அவர் வினை, நாம் என் செய்வது?’ என்பது ஒன்று. ‘இவர் நம் தந்தைதானா?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஜினதருமத்தின் வழிநின்று ஆராய்வோம்.

முதற்கண் நோயின் தன்மையை அறிவோம். மூளையிலேயே தோன்றும் கட்டிகளும் உண்டு; நுரையீரல், மார்பகம் முதலியவற்றின் புற்று பரவி வருவனவும் உண்டு. எல்லாக் கட்டியும் புற்றன்று. மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் கொடியதன்று. அறுவை மருத்துவத்தால் நலம் பெற்றோர் பலர். கிளியோபிளாஸ்டோமா என்பதோ கொடிது. அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு மருந்து மூன்றும் அளித்தும் பெரும்பாலோர்க்குக் காலம் ஓரிரு ஆண்டுகளே. இந்நோய் பிறரைத் தொற்றாது.

காலையில் மிகும் தலைவலி, வாந்தி, முன்பு இல்லாத வலிப்பு, ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் ஆகியவை இதன் அறிகுறிகளாகலாம். கண் மருத்துவர் பார்வை நரம்பின் வீக்கத்தைக் கண்டு சொல்வதாலேயே கட்டி வெளிப்படுவதும் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தோன்றிய நகரம் மதுரை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்து எளியோர்க்கு அங்குள்ள அரசு இராசாசி மருத்துவமனையும் புகலிடமாக உள்ளது. தைலம் தடவி மாதங்களைக் கழிப்பது தகாது.

இனி வினை பற்றிய எண்ணம். துன்பம் அசாதா வேதனீயத்தின் உதயம் என்பது மெய்யே. ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் மேலும் ஒன்று கூறுகிறது. பிறர்க்குத் துன்பமும் துயரமும் விளைப்பது அசாதா வேதனீயம் வந்து சேரக் காரணம். உயிர்களிடத்து இரக்கமும் தானமும் சாதா வேதனீயத்துக்குக் காரணம். ஆகவே நோயாளியின் செவிபட ‘உன் வினை’ என்று கூறுவோர் அவர் வினையைக் கழிப்பதில்லை. தம் வினையைக் கட்டிக்கொள்கின்றனர். வினைக்கொள்கை நமக்கு அளிக்கப்பட்டது நம்மைத் திருத்திக்கொள்வதற்கே; பிறரைத் தீர்ப்பிடுவதற்கன்று. வையாவிருத்தியத்தை அகத்தவங்களுள் ஒன்றாக வைத்த ஆசாரியர், அதனைப் பெறத்தக்க பத்து வகைத் துறவியருள் நோயுற்றாரையும் சேர்த்தார். இல்லறத்தார்க்கோ ஔடததானம் நான்கு தானங்களுள் ஒன்றாக விதிக்கப்பட்டுள்ளது.

இரண்டாம் எண்ணம் இன்னும் ஆழமானது. அறிவு ஆன்மாவின் இயல்பு; ஞானாவரணீயம் அதனை மறைக்குமேயன்றி அழிக்காது. முகில் மூடியதால் கதிரவன் இல்லையென்று சொல்வாரில்லை. நோயால் நிலைகுலைந்த மூளையின் வழியே வரும் சுடுசொல்லை அவர் வேண்டுமென்றே சொன்னதாகக் கொள்வது நீதியன்று. அச்சொல்லுக்கு நாம் திருப்பிக் காட்டும் சினமோ தெளிந்த அறிவோடு எழுவது. அது நம்முடைய கஷாயமே. பொறுமை இங்கு நோயாளிக்கன்று, பணிவிடை செய்வார்க்கே தேர்வாகிறது.

சல்லேகனை பற்றியும் தெளிவு வேண்டும். 2015 ஆகஸ்டில் இராசஸ்தான் உயர்நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது. அம்மாதமே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. நம் நூல்கள் மருந்தற்ற நோயைச் சல்லேகனைக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறும். ஆயினும் பஸ்மக நோயுற்ற சமந்தபத்திரர் அதனை வேண்டியபோது குரு இசையவில்லை என்பது வழிவழி வரும் வரலாறு. தெளிந்த அறிவோடு தாமே ஏற்பதுதான் விரதம். அறிவு மங்கியவருக்காக உறவினர் அதனை ஏற்க இயலாது. ஆகையால் நோயின் உண்மையை, அறிவு தெளிவாக உள்ள நாளிலேயே, அன்போடு அவரிடம் உரைத்து அவர் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். மறைப்பது இரக்கம்போல் தோன்றினும் அவர் உரிமையைப் பறிப்பதாகும்.

நாள்தோறும் செய்யத்தக்கனவும் உள. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கலாகாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மூளை வீக்கம் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது. வலிப்பு மாத்திரையைச் சூரியன் எழுந்த பின்னும் மறையும் முன்னும் கொடுக்க இயலுமா என்று மருத்துவரிடமே கேட்கலாம். இயலாதெனில், நம் நோன்பின் பொருட்டு அவர் மருந்தைத் தவிர்ப்பது அகிம்சையாகாது. பணிவிடை செய்வாரும் களைப்படைவர். உறவினர் முறைவைத்து வந்து ஓரிரவேனும் அவரை உறங்கச் செய்வதும் தானமே.

மதுரையை அடுத்த மாங்குளம் மலையில் நம் முனிவர்க்கென வெட்டிய கற்படுக்கைகள் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்தும் உள்ளன. அவற்றை அளித்தோருள் வெள்ளறை ஊர் வணிகரும் இருந்தனர் என்று அங்குள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டு கூறுகிறது. பிறர் உடல் சாய ஓரிடம் அமைத்துத் தருவது அன்றே இல்லறத்தார் அறமாயிருந்தது. இன்று அப்படுக்கை நம் வீட்டு அறையில் இருக்கிறது. அதனருகே சலியாது அமர்ந்திருப்போமாக.