ரேடியேட்டரில் மஞ்சள்

அப்பா இறந்த பிறகு சொத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது நான் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஷெட்டில் நிற்கிற மேட்டடார். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை எடுத்துட்டுப் போறதுக்கு நீதான்டா காசு குடுக்கணும்" என்றாள்.

1992இல் அப்பா வாங்கிய டெம்போ மேட்டடார் பிக்கப் அது. ஈரோடு மஞ்சள் சந்தைக்கும் கவுந்தப்பாடி வெல்லச் சந்தைக்கும் பத்தொன்பது வருடம் ஓடியது. 2011இல் நின்றது நின்றதுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சின்ன ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வண்டியை வர்ணிக்கத் தேவையில்லை. தட்டையான மூக்கு. எஞ்சின் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு பெட்டிக்குள் இருக்கும். வெயில் காலத்தில் அந்தப் பெட்டியில் தொடை பட்டால் சுரீரென்று சுடும். முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கும் என்பதால் பின்பக்கம் தாழ்வாக இருக்கும், மூட்டை ஏற்றுவது சுலபம். எங்கள் வண்டியில் இருந்தது பென்ஸ் வடிவமைத்து இங்கே உரிமத்தில் தயாரான ஓஎம்616 டீசல் எஞ்சின். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வரும். அப்பாவுக்கும் வந்தது.

கோயம்புத்தூரில் வேலை. வெள்ளி ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போய் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஷெட்டில் கிடப்பேன். யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் தாத்தாவின் பிக்கப்பைக் கழற்றிப் பூட்டுகிற வீடியோக்களை நூறாவது பார்த்திருப்பேன். கடைசி நிமிடத்தில் பளபளவென்று வண்டி வெளியே வரும், யாராவது ஒருவர் அழுவார். எனக்கும் அது வேண்டியிருந்தது. 1992இல் ஷோரூமிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி. வாசலில் மாலை போட்டு, பக்கத்தில் அப்பா நிற்கிற போட்டோ ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அந்த நீலம்.

முதலில் கழற்றியது ரேடியேட்டரை. உள்ளே கெட்டியாக மஞ்சள் சேறு. துரு என்றுதான் நினைத்தேன். பட்டறைக்காரர் விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "மஞ்சத்தூளுங்க" என்றார். ரேடியேட்டர் ஒழுகினால் ரோட்டோரத்தில் மஞ்சள்தூளைக் கொட்டி ஓட்டையை அடைப்பது லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம். மஞ்சள் ஏற்றிப் போன வண்டி மஞ்சளாலேயே வீடு வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை தடவையோ.

அதன்பிறகு தொட்ட இடத்திலெல்லாம் யாரோ ஒருவரின் கை தெரிந்தது. ஆக்ஸிலரேட்டருக்கு சைக்கிள் பிரேக் ஒயர். கால் வைக்கிற இடத்தில் தகரம் ஓட்டையான பகுதிக்கு எண்ணெய் டின்னை வெட்டி வைத்த ஒட்டு. கிளட்ச் பெடலின் மேல் டயர் ரப்பர் சுற்றிய மரக்கட்டை, கால் எட்டுவதற்காக. அப்பா ஆறடி. கட்டை அவருக்கானது இல்லை.

சாமான் பழசானால் தத்துவத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். தீசியஸின் கப்பலில் ஒவ்வொரு பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் இருப்பது அதே கப்பல்தானா? கல்லூரியில் இதை வைத்து ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறோம். இப்போது எனக்கு அந்தக் கேள்வியில் ஒரு குறை தெரிகிறது. கப்பல் அதேதானா என்று இரண்டாயிரம் வருடமாகக் கேட்கிறார்கள். பலகையை மாற்றிய தச்சன் யார், அவனுக்குக் கூலி கொடுத்தார்களா என்று கேட்பதில்லை. எங்கள் தொழிலில் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு நிரலில் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார், எந்தத் தேதியில் என்று பட்டியல் போட்டுவிடும். மேட்டடாரில் அதை ஓட்டியிருந்தால் அப்பா பெயர் ஒரே ஒரு வரியில் வந்திருக்கும், ஆர்சி புக்கில். மிச்சமெல்லாம் டிரைவர்.

அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. ஏழு வயதில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வா போ என்றுதான் பேசுவேன். அவர் அப்பாவைவிட மூத்தவர். எங்கள் பக்கத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். சீட்டுக்கு அடியில் இருந்த டூல்ஸ் பெட்டியில் டயர் லீவரோடு ஒரு அலுமினிய டம்ளரும் கிடந்தது. அம்மாவிடம் காட்டினேன். "அது அவனோடது. அதுலதான் அவனுக்குக் காப்பி ஊத்துவோம்" என்றார், அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டே. கையும் நிற்கவில்லை, குரலும் மாறவில்லை.

சேஸைத் துரு எடுக்க மணல் பீய்ச்சலாம் என்றார் பட்டறைக்காரர். வேலை சீக்கிரம் முடியும், பளிச்சென்று இருக்கும். கோயில் திருப்பணி என்ற பேரில் கல்தூண்கள் மேல் இதே மணலைத்தான் பீய்ச்சினார்கள். சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போயின, கூடவே கல்வெட்டு எழுத்தும் தேய்ந்துபோனது. சேஸுக்கு அந்தக் கவலை இல்லை, அதில் யாரும் எதையும் வெட்டி வைக்கவில்லை. அங்கே சரி என்றேன். ஆனால் எண்ணெய் டின் ஒட்டைக் காட்டி இதையும் எடுத்துவிடலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸில் வியோலே-ல-டுக் என்று ஒரு கட்டடக்கலைஞர் இருந்தார். நோத்ர தாம் தேவாலயத்தைப் புதுப்பித்தவர். ஒரு கட்டடத்தை மீட்பது என்றால், அது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்கு அதைக் கொண்டு வருவதாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார். 1964இல் வெனிஸில் கூடிய வல்லுநர்கள் நேர் எதிராகப் போனார்கள். எல்லாக் காலத்தவரும் சேர்த்ததற்கு மரியாதை கொடு, ஊகம் தொடங்குகிற இடத்தில் கையை எடுத்துவிடு என்பது அவர்கள் சாசனத்தின் சாரம். நம்மூர்ச் சட்டம் தனி ரகம். 2021இல் வந்த விதிகளின்படி ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், ஆனால் அது சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும், வணிக வண்டியாக இருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்த கார் பாரம்பரியம் ஆகலாம். மூட்டை சுமந்தது எத்தனை வயதானாலும் பழைய இரும்புதான்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி செலவுக் கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன். அதுவரை 2,35,000 ரூபாய். பெயின்ட், சீட் வேலை இன்னும் பாக்கி. அதே ஷீட்டில் பக்கத்துக் கட்டத்தில் எதற்கென்று தெரியாமல் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். டிரைவரின் கடைசி மாதச் சம்பளம் 6,000. பத்தொன்பது வருட வேலை. அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டத்தின் வாய்ப்பாடு சுலபமாக இருந்தது. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 65,769 ரூபாய் வந்தது. வண்டி நின்ற அன்று அப்பா அவருக்குக் கொடுத்தது 5,000 ரூபாயும் ஒரு வேட்டி சட்டையும். ஊரில் அதைப் பெருந்தன்மை என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

சட்டப்படி அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தியதில்லை. அப்படியே பாக்கி என்று வைத்துக்கொண்டாலும் நான் ஏன் கொடுக்க வேண்டும்? பழைய இந்துச் சட்டத்தில் தகப்பன் கடனை மகன் தீர்ப்பது புனிதக் கடமை, அவன் ஆத்மா கடனோடு போகக்கூடாது என்பது நம்பிக்கை. 2005ஆம் வருடத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. மகனாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக இனி யாரும் வந்து கேட்க முடியாது, கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் கேட்கலாம். நல்ல திருத்தம், சந்தேகமே இல்லை. எனக்கு வந்த சொத்துக்குப் பழைய இரும்புக்காரர் சொன்ன விலை 42,000.

ஆனால் நான் அந்த வண்டியை விலைக்காகக் கேட்டு வாங்கவில்லையே. அப்பாவின் கை பட்டது என்பதற்காகத்தானே வாங்கினேன். அன்பு மட்டும் எனக்கு, பாக்கி அவரோடு போகட்டும் என்றால் அது என்ன கணக்கு? தமிழில் கடன் என்ற சொல்லுக்குத் திருப்பித் தர வேண்டியது என்றும் பொருள், செய்ய வேண்டியது என்றும் பொருள். அப்பாவுக்கு நீர்க்கடன் செய்தபோது ஐயர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்பா ஏமாத்திப் போட்டாருன்னு ஊருக்குச் சொல்லப் போறயா கண்ணு?" என்று கேட்டார். அப்புறம் அவரே ஒரு வழியும் சொன்னார். "குடுக்கறதுன்னா குடு. அப்பா சொல்லிட்டுப் போனாருன்னு சொல்லிக் குடு."

இதைவிட நல்ல யோசனை கிடைக்காது என்றுதான் அன்று பட்டது. டிரைவருக்குப் பணம் போய்ச் சேரும். அப்பா பேர் நிற்கும். அம்மாவுக்கு நிம்மதி. யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு பொய். ஷெட்டில் கதவுத் தகரத்துக்குப் பட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி, தேய்த்து, மேலே நீலம் அடித்தால் அங்கே இடித்த கதையே இருக்காது. எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு அப்பாவை நான் செய்துகொண்டிருப்பேன். அந்த அப்பா இந்த அப்பாவைவிட நல்லவராகவும் இருப்பார்.

66,000 ரூபாயைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். 2024 ஆவணி மாதம். "வாங்க தம்பி" என்று சேரைத் துடைத்துப் போட்டார். நான் "அண்ணா" என்றேன். வாயில் கல்லைப் போட்டதுபோல இருந்தது, அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். கவரை நீட்டினேன்.

"என்னதுங்க தம்பி இது?"

"பாக்கிங்கண்ணா. பத்தொன்பது வருசத்துக்கு."

அவர் வாங்கவில்லை. "ஐயா குடுக்கச் சொன்னாருங்களா?"

அம்மாவின் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

முற்றத்துக் கோழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கவரை வாங்கினார். எச்சில் தொட்டு, நிதானமாக, இரண்டு தடவை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "பாக்கின்னா வட்டி இருக்கோணுமுங்களே" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ராத்திரி தேடிப் பார்த்தேன். தாமதமாகக் கொடுக்கும் பணிக்கொடைக்கு வருடத்துக்குப் பத்து சதவீதம் தனிவட்டி. பதிமூன்று வருடத்துக்கு 85,500. பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும் எடுத்து வைத்திருந்த தொகையில் முக்கால்வாசி அதில் போனது. இரண்டு தவணையாகக் கொடுத்தேன். இரண்டு தடவையும் எண்ணித்தான் வாங்கினார்.

இரண்டாம் தவணை முடிந்த அடுத்த ஞாயிறு அவராகவே ஷெட்டுக்கு வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சாம்பல் பிரைமரில் நிற்கிற வண்டியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் டின் ஒட்டை மட்டும் குனிந்து தட்டிப் பார்த்து, "இதெல்லாம் தாங்காதுங்க, புதுசா வெட்டி வெச்சிருங்க" என்றார். நான் மூன்று மாதமாகத் தொடாமல் வைத்திருந்த ஒட்டு. அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்த பழைய சாமான்களைக் கிளறி டயர் லீவரை எடுத்துத் தோள் துண்டில் துடைத்தார். டம்ளர் மேலாகத்தான் கிடந்தது. அதை நகர்த்திவிட்டு அடியில் தேடினார்.

"ஏனுங்க தம்பி, கிளட்ச்சுக்கு ஒரு கட்டை வெச்சிருந்தனே, அது எங்கீங்க?"

எடுத்துக் கொடுத்தேன். பெடலில் வைத்துக் கட்டுகம்பியால் இறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஹீட்டர் பிளக் சூடாகக் காத்திருந்தார். நான் எஞ்சின் பெட்டிக்கு அந்தப் பக்கம், சின்ன வயதில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

மூன்றாவது சுற்றில் பிடித்தது.