அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்

திகில் கதை எழுதுகிறவர் ஆபத்தின் நடுவே போய்வந்தவராக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதற்குச் சாட்சியாக இயான் ஃபிளெமிங்கைக் கூப்பிடுவோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் உளவுப் பிரிவில் அதிகாரி. 1953இல் ஜேம்ஸ் பாண்டின் முதல் நாவலை வெளியிட்டவர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகத் தீட்டிய கதைச் சுருக்கங்களையே பிறகு சிறுகதைகளாக்கியவர். ஆனால் அவர் அந்தப் போரைப் பெரும்பாலும் கழித்தது லண்டனில், ஒரு மேசைக்குப் பின்னால். 1942 ஆகஸ்டில் பிரான்ஸின் டியப் துறைமுகத்தின் மேல் தாக்குதல் நடந்தபோது, எதிரியின் ஆவணங்களைக் கைப்பற்றுவதற்கென்று உருவான படைப்பிரிவும் அதில் போனது. அந்தப் பிரிவுக்காகத் திட்டமிட்டவர் ஃபிளெமிங். அவரோ கடலில் ஒரு கப்பலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரையேற அவருக்கு அனுமதியில்லை.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய வாழ்க்கை சுஜாதாவுடையது. அவர் படையில் சேர்ந்தவரல்ல. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எஸ். ரங்கராஜன், தாம்பரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே இருக்கும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தார். பிறகு மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறை. மீனம்பாக்கத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தார். ‘குமுதம்’ இதழில் ஏற்கனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்பிக் கண்ணுக்கு மறைந்ததும் அதிகாரியிடம் மிஞ்சுவது ஒரு குரல். எவ்வளவு உயரத்தில் பறக்கிறது, அடுத்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் அந்தக் குரல் சொல்லித்தான் தெரியும். இவர் கொடுக்கும் உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் எண் மாறினாலும் அந்த நொடியே திருத்த வேண்டும். குறித்த நேரத்துக்குக் குரல் வரவில்லை என்றால் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்க வழியில்லை. மறுபடி கூப்பிடலாம். காத்திருக்கலாம்.

சுஜாதாவின் கச்சிதமான வாக்கியங்கள் இங்கிருந்துதான் வந்தன என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எழுத்து அப்படி ஒரே ஊற்றிலிருந்து வருவதில்லை. ஆனாலும் 1968இல் ‘குமுத’த்தில் தொடராக வந்த ‘நைலான் கயிறு’ நாவலைப் பாருங்கள். கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு வருவதெல்லாம் ஒரு விடைக்காக ஆண்டுக்கணக்கில் நீளும் தேடல். தூர்தர்ஷனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வில் ரோபோ நாய் ஜீனோவைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். கதையை நகர்த்துவதோ காணாமல் போன கணவன் சிபியைத் தேடும் நிலாவின் தவிப்பு. எதிர்காலம், கணிப்பொறி, சர்வாதிகாரம் என்று எத்தனை இருந்தாலும் அடியில் கிடப்பது ஒரு வீட்டுக் கவலை. போனவர் எங்கே?

இந்தக் கேள்வியைச் சென்னைப் புறநகரான சேலையூருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரை ஒட்டியே தாம்பரம் விமானப்படைத் தளம். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி அங்கே 1954 முதல் இருக்கிறது. 2016 ஜூலை 22 காலை அந்தத் தளத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.32 விமானம் வங்கக் கடலின் மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. எல்லோரும் இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று அந்த ஆண்டே குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. சிதைவுகள் என்று சொல்லத்தக்கவை தெரிந்தது 2024 ஜனவரியில்தான். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அவை இருந்தன. ஏழு ஆண்டுக்கும் மேல் அந்த வீடுகளில் ஒவ்வொரு தொலைபேசி மணியும் எப்படி ஒலித்திருக்கும்!

இந்த விமானச் செய்தியைப் படித்த நாளிலிருந்து திகில் கதை என்பதை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். திகிலின் வேர் பயம் அல்ல. தன் உயிருக்காக வருவது பயம். அது ஓடச் சொல்லும். திகிலில் நாம் ஓடுவதில்லை, அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம், கையெட்டாத தூரத்தில் இருக்கும் இன்னொருவருக்காக. அவர் மேல் நமக்கு எவ்வளவு பாசமோ அவ்வளவுதான் திகில். பாசம் பிறக்காத கதையில் பத்துக் கொலை விழுந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளாது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களால் இந்த வகைக் கதையை இவ்வளவு நன்றாக எழுத முடிந்ததற்குக் காரணம் இதுதான் என்று நம்புகிறேன். கடைசி அத்தியாயத்தில் கதை நமக்கு ஒரு விடையைத் தந்துவிடுகிறது. வாழ்க்கை அந்த உறுதியைக் கொடுப்பதில்லை.

தொலைக்காட்சிக்கும் இணையத் தொடர்களுக்கும் இன்று திகில் கதை எழுத வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த வாரம் வரை எங்களை உட்கார வையுங்கள், தாராளமாக. ஆனால் பரபரப்புக்காக ஒருவரைக் காணாமல் போகவைத்துவிட்டு, கதை நீண்டதும் அவரை மறந்துவிடாதீர்கள். உங்கள் தொடரைப் பார்க்கிறவர்களில் உண்மையாகவே காத்திருந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பதிலை எழுதிக் கொடுங்கள்.